ஸ்மார்ட் போர்டு மாட்டினால் பாடம் புரிந்துவிடுமா?

கரும்பலகை:
எங்கள் பள்ளியில் எல்லா வகுப்பிலும் ஸ்மார்ட் போர்டு மாட்டியாகிவிட்டது. என்ன நடக்கிறது தெரியுமா? பாடப்புத்தகத்தின் பி.டி.எஃப். திரையில் திறக்கிறது, ஆசிரியர் அதே பத்தியை வாசிக்கிறார். அதே பக்கம் பிள்ளைகள் மடியிலும் அச்சில் இருக்கிறது. இதற்குத்தான் இத்தனை செலவு!

சினிமா வந்துவிட்டது, பள்ளியில் இனிப் புத்தகத்துக்கு வேலையில்லை என்று எடிசன் 1913இலேயே சொல்லிவிட்டார். அப்புறம் வானொலி, தொலைக்காட்சி, கணினி என்று ஒவ்வொன்றுக்கும் அதே வாக்குறுதி. பெரு நாட்டில் ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்று லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தார்கள். கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவு வெளியிட்டபோது, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி நகரவே இல்லை.

எக்ஸ்_அச்சு:
சார், பி.டி.எஃப். காட்டுவது போர்டின் குற்றமா?

நேர்கோட்டின் சாய்வு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் ஒரு பீரியடுக்கு நான்கைந்து கோடு வரையலாம், அவ்வளவுதான். ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் சாய்வின் மதிப்பைக் கூட்டக் கூட்டக் கோடு நிமிர்கிறது. பூஜ்ஜியத்தில் படுத்துவிடுகிறது. எதிர்ம எண்ணுக்குப் போனதும் மறுபக்கம் சாய்கிறது. “நட்டுக்குத்தலா நிக்க என்ன நம்பர் போடணும் மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். 100 போட்டோம். நிற்பது போலத் தெரிந்தது; கிடை அச்சை மட்டும் இழுத்து நீட்டிப் பார்த்தால் சாய்வு இருக்கிறது. 1000 போட்டாலும் அதே கதை. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று நான் வாய் திறப்பதற்குள் வகுப்பே அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது.

கரும்பலகை:
நல்ல பாடம் மேடம். ஆனால் அதை நடத்தியது நீங்கள். “அதெல்லாம் அப்புறம்” என்று அந்தப் பெண்ணை உட்கார வைக்கிற ஆசிரியர் கையில் அதே மென்பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும்?

வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்வியில் கணினிக்கு நிறையச் செலவழித்த நாடுகளில், 15 வயது மாணவர்களுக்கான சர்வதேசத் தேர்வான பிசாவின் முடிவுகளில் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் எதுவும் இல்லை என்கிறது. கருவிக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், பயிற்சிக்கு ஒரு மதியம் ஒதுக்குகிறார்கள். ரிப்பேருக்கு அதுவும் கிடையாது.

மூன்றாம்பெஞ்சு:
ஒரு பெற்றோராகக் குறுக்கிடுகிறேன். வீட்டுப்பாடம் முழுக்க ஆப்பில் வருகிறது. வீட்டில் இருப்பது ஒரே போன், பிள்ளைகள் இரண்டு பேர். வீடியோ பார்த்தாயா என்று பையனிடம் கேட்டால் “ஓடிருச்சு” என்கிறான். பார்த்ததாகவும் கணக்கில் ஏறிவிடுகிறது!

எக்ஸ்_அச்சு:
வீடியோவை ஓடவிட்டுக் கணக்குக் காட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கரும்பலகை சார் சராசரியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறார். 2019இல் வெளியான தில்லி ஆய்வையும் பாருங்கள். மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள், பிள்ளை எந்த வகுப்பு என்று பார்ப்பதில்லை. உண்மையில் எந்த நிலையில் இருக்கிறான் என்று சோதித்து அங்கிருந்து தொடங்குகிறது. சுமார் நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) அளவுக்கு முன்னேற்றம். கல்வி ஆய்வுகளில் இது சின்ன எண் இல்லை.

கரும்பலகை:
முழுசாகச் சொல்லுங்கள். அது பள்ளி முடிந்த பிறகு நடந்த வகுப்பு. 45 நிமிடம் மென்பொருள் என்றால், இன்னொரு 45 நிமிடம் சின்னக் குழுவாக உட்கார வைத்து ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தார். பலன் எதனால் வந்தது?

எக்ஸ்_அச்சு:
இரண்டும் சேர்ந்துதான் வந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆள் மட்டும் இருந்தால் என்ன தவறவிடுகிறோம் என்று சொல்கிறேன். 1/2 + 1/3 கொடுத்தால் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/5 என்று எழுதுவார்கள். அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு விடை அரையைவிடக் குறைகிறதே என்று யோசிப்பதில்லை. நோட்டு திருத்தும்போது ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போவோம். டேப்லெட்டில் போட்டால், வகுப்பில் யார் யார் இதே 2/5 எழுதினார்கள் என்று ஒரே பட்டியலாக உடனே வந்துவிடும்.

கரும்பலகை:
வரிசைக்குள் நடந்து எட்டிப் பார்த்தாலே தெரியுமே?

எக்ஸ்_அச்சு:
இருபது பேர் என்றால் தெரியும். அறுபது பேர் வகுப்பில் கடைசி வரிசைக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும்.

மூன்றாம்பெஞ்சு:
பட்டியல் வந்தது சரி, அதை யார் பார்ப்பது? எப்போது?

எக்ஸ்_அச்சு:
பீரியட் தொடங்கியதும் இரண்டே கேள்வி, ஐந்து நிமிடம். பட்டியலைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப அன்றைய பாடத்தை எடுப்பேன். டேப்லெட் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். வீட்டுக்கு அனுப்புவதில்லை.

கரும்பலகை:
அப்படியானால் ஸ்மார்ட் போர்டே வேண்டாமே. ஒரு பெட்டி மலிவான டேப்லெட்டை நாலு வகுப்பு மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். மிச்சப் பணத்துக்கு ஓர் ஆசிரியரைக் கூடுதலாகப் போடச் சொல்லி மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆறாம் வகுப்புக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

எக்ஸ்_அச்சு:
பின்னம் ஆரம்பிப்பதே அங்கேதான் சார்.