கிராபிக்ஸ் ஏற ஏற விளையாட்டு இறங்குகிறதா?

பவானிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. ஈரோட்டில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் மாமா ஒரே பேச்சு: "இப்ப வர்றதெல்லாம் பார்க்கிற கேம், விளையாடுற கேம் இல்லை. படத்துல போட்ட உழைப்பை விளையாட்டுல போடல."

முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. நண்பன் வீட்டில் 2015-இல் வந்த 'தி ஆர்டர்: 1886' விளையாடினேன். பழைய லண்டன் தெரு, கோட்டுத் துணியின் நெசவு வரைக்கும் தெரிகிறது. ஆனால் நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த நேரம்தான் அதிகம். அதே வீட்டில் 'எல்டன் ரிங்' விளையாடினால் படமும் அருமை, விளையாட்டும் விடவே மனசு வரவில்லை. அப்படியானால் ஒன்று கூடினால் இன்னொன்று குறையும் என்பது உண்மைதானா? உள்ளே வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.

காங்கயம்காளை:

தம்பி, உங்க மாமா பக்கம்தான் நான். திருப்பூரில் கேம் சென்டர் வைத்திருந்தவன். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள் கேட்டது எப்போதும் 'கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6', அதிலும் 'டஸ்ட் 2' மேப். மண் நிறத்தில் நாலு சுவர், இரண்டு கதவு, பெட்டிகள், அவ்வளவுதான். எந்த மூலையில் எப்போது தலை தெரியும் என்று அத்தனை பேருக்கும் மனப்பாடம். புதிதாகப் பளபளப்பான கேம் ஏற்றினால் முதல் இரண்டு நாள் ஒருவன் விளையாட, பின்னால் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். அடுத்த வாரம் அதைத் தொட ஆள் இருக்காது. 2007-இல் வந்த 'கிரைசிஸ்' என் கம்ப்யூட்டர்களில் நகரவே இல்லை. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

நொய்யல்:

தம்பி, நான் கோவையில் கேம்களுக்குச் சூழல் மாடல் செய்கிறேன். சுவர், பாறை, மரம், கிணறு, தெரு விளக்கு இதெல்லாம் என் வேலை. இந்த வேலையை நான் நேசிக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியை அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், மெஷினின் சக்தியை எல்லாம் படம் தின்றுவிடுகிறது என்பது. அது பாதிதான் சரி. விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனிப்படம், ஓட வேண்டுமானால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 30 பிரேம் போதும் என்றால் 33.3. படத்தை அழகாக்குவதற்காக 30-க்கு இறங்கினால், பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே தாமதம் கூடும், அதைக் கை உடனே உணரும். ஆனால் படம் வரைவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே ஒளிய வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்பதெல்லாம் புராசஸரின் கணக்கு. பாறையின் டெக்ஸ்ச்சரை, அதாவது அதன் மேல் போர்த்தும் படத்தை, மங்கலாக்கினால் எதிரிக்குப் புத்தி வந்துவிடாது.

நான் பார்த்த வரையில் இழப்பு நடப்பது வேலையின் வரிசையில். எந்த லெவலையும் முதலில் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாகக் கட்டுவார்கள். பிளாக்அவுட் என்போம். அந்த நிலையில் ஒரு சுவரை இரண்டு அடி தள்ள வேண்டுமென்றால் டிசைனர் அங்கேயே தள்ளிவிட்டு மறுபடி ஓடிப் பார்ப்பார். அதே சுவர் என்னிடம் வந்து, செங்கல், காரை பெயர்ந்த இடம், பாசி, மழைத் தண்ணீர் வடிந்த கறை எல்லாம் ஏறி, அதற்கு மேல் லைட்டிங்கும் முடிந்துவிட்டால், அதைத் தள்ளச் சொல்ல ஒருவருக்கும் மனசு வராது. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் ஒரு சந்து சலிப்பாக இருக்கிறது என்று விளையாடிப் பார்த்த அத்தனை பேரும் சொன்னார்கள். மாற்றினால் மூன்று குழுக்களின் உழைப்பு வீணாகும் என்று அப்படியே வெளியிட்டார்கள். அந்தச் சந்தில் இருந்த ஒவ்வொரு கல்லும் நான் செய்தது. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. 'டஸ்ட் 2'-இன் சுவர்கள் எளிமையாக இருந்ததால்தான் அந்த மேப் நன்றாக வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எளிமையான சுவரைத் திரும்பத் திரும்ப நகர்த்திப் பார்க்கலாம், காளை அண்ணா.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். படம் நிஜம் போல ஆக ஆக, விளையாடுகிறவர் அதை நிஜம் போலவே நடத்துவார்.

நானும் இரண்டு நண்பர்களும் மாலை நேரங்களில் ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறோம். காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகள், அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலங்கள்தான் களம், காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகிறான் ஒரு பையன். கொரங்காடு என்றால் கிளுவை முள்செடி வேலி இல்லாமல் முடியாது. ஒரு வேலியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து, போட்டோகிராமெட்ரி முறையில் மாடலாக்கினேன். முள், உதிர்ந்த இலை, வேலிக்கு அடியில் மழை அரித்த மண் எல்லாம் அப்படியே வந்தது. அதற்கு முன்னால், பிளாக்அவுட்டில் அந்த வேலி வெறும் பச்சைப் பெட்டி. விளையாடியவர்கள் அதைச் சுவர் என்று எடுத்துக்கொண்டு படல் (வேலியின் கதவு) இருக்கும் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். மாடல் வந்த பிறகு ஒருவரும் சுற்றிப் போகவில்லை. ஆளாளுக்கு இடைவெளி தேடி நுழையப் பார்த்தார்கள். "ஆடு நுழைகிற சந்து தெரிகிறது, பையன் ஏன் நுழைய முடியாது?" என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி.

பல பெரிய கேம்களில் இந்த இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத சுவரை வைத்துவிடுகிறார்கள். எதில் ஏறலாம், எதை உடைக்கலாம் என்பது நுணுக்கமான படத்துக்குள் தொலைந்துபோவதால் அடையாளத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கிறார்கள். 2023-இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' மறு உருவாக்கத்தில் உடைக்கக்கூடிய பீப்பாய்களின் மேல் அதைப் பார்க்கலாம். வால்வ் நிறுவனம் 2007-இல் 'டீம் ஃபோர்ட்ரஸ் 2'-ஐ கார்ட்டூன் பாணியில் வெளியிட்டபோது, தூரத்தில் வருவது யார் என்று வெளிக்கோட்டு வடிவத்தை வைத்தே தெரிய வேண்டும் என்று ஒன்பது பாத்திரங்களையும் வடிவமைத்தார்கள். அதுவும் கிராபிக்ஸ் வேலைதான், மிகச் சிறந்த கிராபிக்ஸ் வேலை. அதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் வேலிக்கு நாங்கள் வழி விட்டோம். குனிந்து நுழையலாம், ஆனால் முள் சட்டையைப் பிடிக்கும், வேகம் குறையும், சரசரவென்று சத்தம் கேட்டு நாய் திரும்பிப் பார்க்கும். இப்போது எங்கள் கேமில் எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான்.

ஆழியாறு:

நொய்யல் அக்கா சொல்வதோடு உடன்படுகிறேன், ஆனால் மாமாவின் "அந்தக் காலம்" என்ற பேச்சை ஏற்க முடியாது. 1983-லேயே 'டிராகன்ஸ் லேயர்' வந்தது. டிஸ்னியில் வேலை பார்த்த டான் ப்ளூத்தின் குழு வரைந்த முழு கார்ட்டூன், லேசர் டிஸ்க்கில் ஓடும். சரியான நொடியில் சரியான பக்கம் தள்ளுவதுதான் விளையாட்டே. பார்க்கிற கேம் அப்போதே இருந்தது.

அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2004-இல் 'ஹாஃப் லைஃப் 2'-இன் கிராவிட்டி கன்: பெட்டி, பீப்பாய், ரம்பத் தகடு எதையும் இழுத்து எறியலாம். பொருள் நிஜம் போல உருண்டு விழுந்தால்தான் அந்தத் துப்பாக்கிக்கே அர்த்தம். 2017-இல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்'-இல் புல் எரிந்தால் மேலே காற்று கிளம்பும், அதில் பறக்கலாம். இத்தனைக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் அப்போதைய பிளேஸ்டேஷன் 4-ஐ விட வலு குறைந்த மெஷின். இன்னும் பழையது வேண்டுமென்றால் 1978-இன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. எதிரிகள் சாகச் சாக மீதி இருப்பவை வேகமாக வரும் இல்லையா? வரைய வேண்டியவை குறையக் குறைய அந்தப் புராசஸர் வேகமாக ஓடியதால் வந்த விளைவு அது. அதை உருவாக்கிய நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். படம் வரைகிற சிரமம்தான் அங்கே விளையாட்டானது.

நொய்யல்:

ஆழியாறு, 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நல்ல உதாரணம். அதோடு அசைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1989-இல் ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோ எடுத்து, அதன் மேல் வரைந்து 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' செய்தார். அசைவு அவ்வளவு அழகு. ஆனால் ஓடுகிறவன் சட்டென்று நிற்க மாட்டான், சறுக்கித்தான் நிற்பான். அந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு பள்ளமும் வைக்கப்பட்டிருக்கிறது. 2018-இன் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-இலும் அசைவு நிதானம்தான், இழுப்பறையைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுப்பதைக்கூடக் காட்டுகிறது. முகாமில், குதிரை மேல் போகும்போது எனக்கு அது மிகவும் பிடிக்கும். துப்பாக்கிச் சண்டை நடுவே அதே நிதானம் கையைக் கட்டிப் போடுகிறது. ஒரே கேமுக்குள் ஓரிடத்தில் பொருந்துகிறது, இன்னோரிடத்தில் பொருந்தவில்லை.

பவானிக்கரை:

ரொம்ப நன்றிங்க அக்கா. வேலி விஷயத்தை மாமாவிடம் சொன்னேன், அந்த கேம் எப்போது வரும் என்று கேட்கிறார். அப்போ கார்டு வாங்கலாமா வேண்டாமா?

நொய்யல்:

தாராளமாக வாங்கு. எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைப்பதற்காக வாங்காதே, 1080p ரெசல்யூஷனில் 60 பிரேம் குறையாமல் நிற்பதற்காக வாங்கு. வேகம் போதவில்லை என்றால் நிழல், பிரதிபலிப்பு இரண்டையும் முதலில் இறக்கு. கார்டில் மெமரி இருக்கும் வரை டெக்ஸ்ச்சரை இறக்காதே, அது வேகத்தை அதிகம் தின்னாது. அசையும்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் ப்ளரை அணைத்துவிடு. உன் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்று பார்த்துச் சொல், அதற்குத் தகுந்த மாதிரி கார்டு சொல்கிறேன்.

காங்கயம்காளை:

பவர் சப்ளை எத்தனை வாட் என்றும் சேர்த்துப் பார்த்துக்கொள் தம்பி. பழைய கேபினெட் என்றால் நீளமான கார்டு உள்ளே உட்காராது, அளவெடுத்துக்கொண்டே கடைக்குப் போ. அப்புறம் நொய்யல், அந்த வேலி கேமை ஒரு நாள் எனக்கும் கொடுங்க. காங்கயத்துக்காரன் கையில் படல் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.