ஆம்ப்ளிஃபையர் எந்த ஊரில் உடைந்தது?

அறுபத்தொன்று:
சக்கரக்காலன் ஐயா நேற்று இந்த மன்றத்தில் எழுதிய பயணக் கட்டுரையைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜூலை மாதம் அட்லாண்டாவிலிருந்து கிளம்பி, நாஷ்வில், மெம்ஃபிஸ், நியூ ஆர்லியன்ஸ் மூன்றிலும் நண்பர்கள் வீட்டில் தங்கி, ஒன்பது நாளில் "தெற்கின் இசையை முழுமையாகப் பார்த்துவிட்டேன்" என்கிறார். அது அவர் பெருமை, இருக்கட்டும். ஆனால் நடுவில் இப்படி ஒரு வரி: "ராக் அண்ட் ரோல் பிறந்த ஊர் மெம்ஃபிஸ். அங்கிருந்து தெற்கே போகும் வழியில் கிளார்க்ஸ்டேல் வருகிறது. பார்க்க எதுவும் இல்லை என்பதால் நிறுத்தவில்லை."

பார்க்க எதுவும் இல்லையாம்! மெம்ஃபிஸ் எந்தப் பாட்டைக் காட்டி இந்தப் பட்டத்தை வாங்கியது? 1951 மார்ச்சில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டூடியோவில் பதிவான 'ராக்கெட் 88'. அதை வாசித்தது யார்? ஐக் டர்னரின் குழு, மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் பையன்கள். காரில் 61ஆம் நெடுஞ்சாலை வழியாக மெம்ஃபிஸுக்குப் போகும்போது கிட்டார் வாசித்த வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபையர் கீழே விழுந்து, உள்ளே ஒலிபெருக்கிக் கூம்பு கிழிந்தது. அதில் காகிதத்தை அடைத்து வாசித்தார்கள். அப்போது வந்த கரகரப்புதான் அந்தப் பாட்டுக்கே உயிர். உடைந்தது மிசிசிப்பி மண்ணில். அப்படியானால் அந்த ஒலி பிறந்த ஊர் எது?

சக்கரக்காலன்:
அறுபத்தொன்று அவர்களே, ஆயிரத்து முந்நூறு மைல் நானே ஓட்டினேன். வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. மெம்ஃபிஸில் யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் இருக்கும் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டூடியோவுக்குள், எல்விஸ் நின்று பாடியதாகத் தரையில் அடையாளம் இட்டிருக்கும் இடத்தில் நின்றேன். 1954 ஜூலை 5 அன்று அவருடைய முதல் இசைத்தட்டுக்கான பாட்டு பதிவானது அங்கேதான். நீங்கள் சொல்லும் 'ராக்கெட் 88' பதிவானதும் அதே அறையில்தான். ஆம்ப்ளிஃபையர் வழியில் எங்கே விழுந்தால் என்ன? காகிதத்தை அடைத்தது மெம்ஃபிஸில். ஒலி வந்தது மெம்ஃபிஸில். காகிதம்கூட மெம்ஃபிஸ் காகிதம்தான். கால் உடைந்த இடத்தில் யாராவது மருத்துவமனையைத் தேடுவார்களா?

அறுபத்தொன்று:
காகிதம் அடைத்ததால் ஒலி வரவில்லை, உடைந்ததால் வந்தது. உடையாத ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு மூட்டை காகிதத்தை அடைத்துப் பாருங்கள், கரகரக்கிறதா என்று. காரணம் மிசிசிப்பியில், காரியம் மெம்ஃபிஸில். பெற்றவள் ஒருத்தி, பெயர் வாங்கியவள் இன்னொருத்தி.

இன்னொன்றும் கேட்கிறேன். மெம்ஃபிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு ஆறு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 55ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில்தான் போயிருக்க வேண்டும். கிளார்க்ஸ்டேல் அந்தச் சாலையிலேயே இல்லை, முப்பது மைலுக்கு மேல் மேற்கே தள்ளி இருக்கிறது. வழியில் வராத ஊரை "வழியில் வருகிறது, நிறுத்தவில்லை" என்று எப்படி எழுதினீர்கள்? இரண்டு வருடத்துக்கு முன் ஸ்மோக்கி மலையில் கரடியைப் பார்த்தேன் என்று படம் போட்டீர்கள். அது கழுத்துப் பட்டை கட்டிய நாய் என்பதை இந்த மன்றமே பார்த்தது.

சக்கரக்காலன்:
அந்தக் கரடி விஷயம் முடிந்துபோன கதை. அந்தி வெளிச்சத்தில் எடுத்த படம் அது.

பிறைநகரான்:
இரண்டு பேரும் 1951ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 1949 டிசம்பர் 10 அன்று நியூ ஆர்லியன்ஸில், ராம்பார்ட் தெருவில் கோசிமோ மட்டாஸாவின் ஸ்டூடியோவில் ஃபேட்ஸ் டாமினோ உட்கார்ந்து பியானோவைத் தட்டிவிட்டார். கதை அங்கேயே முடிந்துவிட்டது. 1955இல் லிட்டில் ரிச்சர்ட் தன் முதல் பெரிய வெற்றிப் பாட்டைப் பதிவு செய்ய எங்கே வந்தார்? மெம்ஃபிஸுக்கா, கிளார்க்ஸ்டேலுக்கா? அதே ராம்பார்ட் தெருவுக்கு. எங்களுக்கு எதுவும் உடைய வேண்டியிருக்கவில்லை. பியானோ முழுதாகவே இருந்தது.

அறுபத்தொன்று:
பியானோவில் கரகரப்பு எங்கே இருக்கிறது?

பிறைநகரான்:
கரகரப்பு வேண்டுமென்றால் தொண்டைக்கு மருந்து சாப்பிடுங்கள்.

சந்தேகி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ராக் அண்ட் ரோல் என்று எதைச் சொல்கிறோம்? தாளத்தையா, கிட்டார் ஒலியையா, விற்பனைக்காக வைத்த பெயரையா? முதலில் அதை ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும் அல்லவா?

அலபாமா அன்பன்:
மெம்ஃபிஸ், மெம்ஃபிஸ் என்கிறீர்களே, ப்ளூஸ் இசையைத் தாளில் எழுதிப் பதிப்பித்து ஊரறியச் செய்த டபிள்யூ. சி. ஹாண்டி 1873இல் பிறந்த ஊர் அலபாமாவின் ஃப்ளாரென்ஸ். சாம் ஃபிலிப்ஸ் 1923இல் பிறந்ததும் அதே ஃப்ளாரென்ஸ். மெம்ஃபிஸ் ஊரே எங்கள் இரண்டு பிள்ளைகள் போட்ட பிச்சை. பக்கத்தில் மஸல் ஷோல்ஸ். 1967 ஜனவரியில் அரீதா ஃபிராங்க்ளின் அங்கே வந்து பாடினார். 1969 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு லண்டனை விட்டுவிட்டு, பக்கத்து ஷெஃபீல்டில் ஜாக்சன் நெடுஞ்சாலையோரம் இருக்கும் சின்னஞ்சிறு கட்டடத்தைத் தேடி வந்தது. சக்கரக்காலன் கட்டுரையில் அலபாமா என்ற சொல்லே இல்லை. அட்லாண்டாவிலிருந்து வந்தவருக்கு அலபாமா கண்ணில் படவில்லை என்றால் எந்தக் கண்ணாடி போட்டிருந்தார்?

சக்கரக்காலன்:
அலபாமாவில் எனக்கு நண்பர்கள் இல்லை. இந்த மன்றத்தைப் பார்த்தால் இனியும் கிடைக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

நாஷ்வில்காரி:
நண்பர்கள் என்ற பேச்சு வந்துவிட்டதால் நானும் எழுதுகிறேன். நாஷ்வில்லில் இவரும் குடும்பமும் நான்கு நாள் தங்கியது என் வீட்டில். கட்டுரையில் நாஷ்வில்லுக்கு மூன்றே மூன்று வரி. முதல் வரி பிராட்வேயில் ஒரே கூச்சல் என்பது. இரண்டாவது வரி 1892இல் கட்டிய ரைமன் அரங்கத்தின் மர பெஞ்சு முதுகை வலிக்கச் செய்தது என்பது. மூன்றாவது வரி என் வீட்டு ஏ.சி. மாடி வரை எட்டவில்லை என்பது. ரைமன் மேடையில் 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி நடந்ததை நான் வாய் வலிக்கச் சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடக் கட்டுரைக்குள் வரவில்லை. முதுகு வலி மட்டும் வந்திருக்கிறது.

நான் அழைத்துப்போன ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி-யில் எல்விஸ் இருநூறு பாட்டுகளுக்கு மேல் பதிவு செய்திருக்கிறார். சாம் ஃபிலிப்ஸின் சன் நிறுவனத்தில் அவர் போட்டவை ஐந்தே இசைத்தட்டுகள். ஐந்துக்கு நான்கு பத்தி. இருநூறுக்கு என் வீட்டு ஏ.சி.

சக்கரக்காலன்:
அக்கா, அதை அன்போடுதான் எழுதினேன். குழந்தை இரவெல்லாம் தூங்கவில்லை என்ற பொருளில் எழுதினேன்.

நாஷ்வில்காரி:
உங்கள் குழந்தை தூங்காததற்குக் காரணம் நாஷ்வில்லின் காரக் கோழியை "இது என்ன காரம்" என்று சொல்லி நீங்கள் ஊட்டியது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

அறுபத்தொன்று:
ஏ.சி., கோழி எல்லாம் பிறகு. ஆம்ப்ளிஃபையருக்கு வாருங்கள். 61ஆம் நெடுஞ்சாலையில் உடைந்ததா இல்லையா? ஆம் அல்லது இல்லை.

சக்கரக்காலன்:
விழுந்து உடைந்ததா என்பதே தகராறு. கார் கூரையிலிருந்து விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று இன்னொரு கதை. கதை சொன்னவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. நீங்கள் மட்டும் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்போல் எழுதுகிறீர்கள்.

அறுபத்தொன்று:
விழுந்தாலும் நனைந்தாலும் மிசிசிப்பியில். மழை பெய்ததும் மிசிசிப்பி மழை. உங்கள் காகிதம் மெம்ஃபிஸ் காகிதம் என்றால் எங்கள் மழை மிசிசிப்பி மழை.

பிறைநகரான்:
ராபர்ட் ஜான்சன் என்ற ஒரே பாடகருக்குக் கிரீன்வுட் சுற்றுவட்டாரத்தில் மூன்று இடங்களில் கல்லறைக் கல் நட்டு வைத்திருக்கும் மாநிலம் மிசிசிப்பி. 1938இல் செத்த மனிதரை எங்கே புதைத்தோம் என்று சொல்லத் தெரியாதவர்கள், 1951இல் ஒரு பெட்டி எங்கே விழுந்தது என்று சத்தியம் செய்கிறார்கள்.

அறுபத்தொன்று:
கல்லறையைக் கேலி செய்கிறவரோடு எனக்குப் பேச்சு இல்லை. ஆனாலும் பேசுகிறேன். உங்கள் ராம்பார்ட் தெரு ஸ்டூடியோ பின்னாளில் என்னவாயிற்று? துணி துவைக்கும் கடை. எங்கள் ஊர் சரக்கு ரயில் நிலையம் என்னவாயிற்று? டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம். நாங்கள் கிடங்கைக் கோயிலாக்கினோம், நீங்கள் கோயிலில் அழுக்குத் துணி துவைத்தீர்கள்.

சக்கரக்காலன்:
அப்படிக் கேளுங்கள்! மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தை எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பழைய சினிமா கொட்டகைக் கட்டடம், தரைகூடச் சரிவாகவே இருக்கிறது. அங்கே நின்றபோது மயிர்க்கூச்செறிந்தது.

பிறைநகரான்:
மயிர் அவசரப்பட்டுவிட்டது. ஸ்டாக்ஸின் அசல் கட்டடத்தை 1989இல் இடித்துத் தள்ளினார்கள். நீங்கள் பார்த்தது 2003இல் திறந்த நகல். எங்கள் கட்டடத்தில் துணியாவது துவைத்தோம், சுவர் நின்றது. உங்கள் மெம்ஃபிஸில் இடித்துவிட்டு, பிறகு அழுது, திரும்பக் கட்டினார்கள்.

சக்கரக்காலன்:
நகல் என்றாலும் அதே இடம். மெக்லெமோர் அவென்யூவில் அதே மனையில் நிற்கிறது.

அறுபத்தொன்று:
இடம்தான் முக்கியம் என்று இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள். கட்டடம் போனாலும் இடம்தான் கணக்கு. சரி, ஆம்ப்ளிஃபையர் உடைந்த இடம்?

நாஷ்வில்காரி:
இவர் தூக்கத்திலும் இதையே கேட்பார் போலிருக்கிறது.

அலபாமா அன்பன்:
காகிதத்தை அடைக்கச் செய்த சாம் ஃபிலிப்ஸ் அலபாமாக்காரர் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

சந்தேகி:
ஐக் டர்னரே அந்தப் பாட்டை ராக் அண்ட் ரோல் என்று சொல்லவில்லை, ரிதம் அண்ட் ப்ளூஸ் என்றுதான் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் வரையறை வேண்டும் என்று கேட்டேன்.

பிறைநகரான்:
பார்த்தீர்களா! வாசித்தவரே கைகழுவிவிட்டார். பாட்டும் போச்சு, ஆம்ப்ளிஃபையரும் போச்சு.

அறுபத்தொன்று:
பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்காதீர்கள். ராக் அண்ட் ரோல் உண்டாகக் காரணமே அந்தப் பாட்டுதான் என்றும் அதே மூச்சில் சொன்னார். காரணம்! நான் முதல் பதிவிலிருந்து கத்துவது அந்தச் சொல்லைத்தான். காரணம் எங்கே உடைந்தது?

சக்கரக்காலன்:
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். 61ஆம் நெடுஞ்சாலை கிளார்க்ஸ்டேலிலிருந்து வடக்கே போய் மெம்ஃபிஸுக்குள்ளும் நுழைகிறது. மெம்ஃபிஸின் தெற்கு எல்லையும் டென்னஸி மாநில எல்லையும் அங்கே ஒன்றுதான். அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு பெட்டி விழுந்திருந்தால்? சாலை அதே 61, மாநிலம் டென்னஸி. எத்தனையாவது மைலில் விழுந்தது, சொல்லுங்கள்.

அறுபத்தொன்று:
கிளார்க்ஸ்டேலிலிருந்து மெம்ஃபிஸ் எழுபத்தைந்து மைலுக்குக் குறையாது. அதில் கிட்டத்தட்ட முழுவதும் மிசிசிப்பி. எங்கே விழுந்திருக்கும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும்.

சக்கரக்காலன்:
சிறுபிள்ளையைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்டேன். எத்தனையாவது மைல்?

அறுபத்தொன்று:
வழியில் இல்லாத ஊரை வழியில் பார்த்தவருக்கு மைல் கணக்கு எதற்கு? முதலில் எந்தச் சாலையில் போனீர்கள் என்று சொல்லுங்கள்.

பிறைநகரான்:
எந்தச் சாலை என்று நான் சொல்கிறேன், வந்து இறங்கியது என் வீட்டில்தானே. 55தான். பெட்ரோல் போட இரண்டு முறை நின்றதாகச் சொன்னார். ப்ளூஸுக்கு ஒருமுறைகூட நிற்கவில்லை. திங்கட்கிழமை என்பதால் ஊர் வழக்கப்படி சிவப்பு பீன்ஸும் சோறும் சமைத்திருந்தேன், அவர்களுக்காகவே இறைச்சி போடாமல். கட்டுரையில் "ராஜ்மா மாதிரி இருந்தது" என்று இருக்கிறது.

சக்கரக்காலன்:
ராஜ்மா மாதிரிதான் இருந்தது.

பிறைநகரான்:
பிரிசர்வேஷன் ஹால் ஜாஸ் அரங்கில் முக்கால் மணி நேரம் வாசித்ததை உட்கார்ந்து கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் "இவ்வளவுதானா" என்றீர்கள். அதையும் எழுதட்டுமா?

நாஷ்வில்காரி:
எழுதுங்கள். அவர் என் வீட்டைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிறைநகரான்:
அக்கா, அது வேண்டாம்.

நாஷ்வில்காரி:
வேண்டாம் என்றால் ஏதோ இருக்கிறது.

அறுபத்தொன்று:
குடும்பச் சண்டையைத் தனிமடலில் வைத்துக்கொள்ளுங்கள். இது இசை பற்றிய இழை. வருகிற ஜூலையில் என் செலவில் சக்கரக்காலனைக் கிளார்க்ஸ்டேலுக்கு அழைத்துப் போகிறேன். 61உம் 49உம் சந்திக்கும் நாற்சந்தி, 1937இல் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் உயிர் விட்ட மருத்துவமனை பின்னாளில் விடுதியான ரிவர்சைடு கட்டடம், எல்லாவற்றையும் காட்டுகிறேன். மாலையில் டெல்டா தமாலே என்ற சோளமாவுப் பண்டமும் வாங்கித் தருகிறேன், அதில் இறைச்சி இருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன். அங்கிருந்து 61இல் வடக்கே ஓட்டிப்போய், ஆம்ப்ளிஃபையர் விழுந்த இடத்தில் காரை நிறுத்துகிறேன்.

சக்கரக்காலன்:
எத்தனையாவது மைலில் நிறுத்துவீர்கள்?

அறுபத்தொன்று:
வந்து பாருங்கள்.

சந்தேகி:
ராக் அண்ட் ரோல் என்றால் என்ன என்பதற்கு இன்னும் யாரும்

அறுபத்தொன்று:
சந்தேகி, நீங்கள் சும்மா இருங்கள். சக்கரக்காலன், கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. உடைந்தது எங்கே?