புதுப்பிப்பு: கார் கதவில் இருந்த பழைய ஸ்டிக்கர் பசை நீங்கிவிட்டது

பின்கதவு ஸ்டிக்கரை உரித்தபின் காய்ந்து பழுப்பேறிய பசை பெயின்டிலேயே தங்கிவிட்டதையும், தின்னர் போட்டுத் துடைக்கலாமா என்று நான் தயங்கியதையும் முன்பு எழுதியிருந்தேன். தின்னரைத் தொடவில்லை. நிறத்தின் மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே கொண்டது என்பதால், அதை இளக்கிவிடக்கூடிய எதையும் அருகில் கொண்டுவர எனக்குத் துணிவில்லை.

முதலில் ஹேர் டிரையரைச் சாண் தூரத்தில் பிடித்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை அசைத்துக்கொண்டே காட்டினேன். இளகிய பசையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தபோது அது சிறு சிறு திரிகளாகச் சுருண்டு வந்தது. ஓரங்களுக்கு மட்டும் பழைய பிளாஸ்டிக் அட்டையைத் துணி சுற்றிப் பயன்படுத்தினேன். பிளேடு வேண்டவே வேண்டாம்.

மிஞ்சிய மெல்லிய படலத்துக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அவ்வளவாகப் பயன்படவில்லை. ஆகவே டிரையரை அணைத்து, கதவு முழுதும் ஆறியபின், தின்னரைவிட மென்மையான பெட்ரோலியக் கரைப்பானான மினரல் டர்பன்டைனைக் கதவின் உள்விளிம்பில் சோதித்துப் பார்த்து, அதில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை இரண்டு நிமிடம் பசைமேல் படியவிட்டுத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்குப் போக ஷாம்பு போட்டுக் கழுவி, மெழுகும் பூசியாயிற்று.

பசை போய்விட்டாலும் ஸ்டிக்கரின் வடிவம் சற்று அடர்ந்த நிறமாகத் தெரிகிறது. வெயில் படாமல் அங்கே பெயின்ட் வெளிறாதிருந்ததே காரணம். பாலிஷ் போட்டுச் சுரண்டாமல், அதை அப்படியே விட்டுவிட்டேன்.