புதுப்பிப்பு: வங்கித் தளம் மட்டும் திறக்காத சிக்கல் தீர்ந்தது

எங்கள் சிறு அலுவலகத்தில் மற்ற தளங்களெல்லாம் திறக்க, வங்கித் தளம் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். ரவுட்டரில் எம்.டி.யூ. (ஒரு பாக்கெட்டின், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின், அதிகபட்ச அளவு) 1500 பைட் என்றே இருந்ததுதான் காரணம். எங்கள் இணைப்பு பி.பி.பி.ஓ.இ. (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை) வகை, அது ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டுகளைத் தனக்கென எடுத்துக்கொள்வதால், மிஞ்சுவது 1492 மட்டுமே. துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1464 பைட் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பியபோது பதில் வந்தது. 1465 ஆக்கியதும் நின்றுபோனது (1464 உடன் பாக்கெட்டின் தலைப்புப் பகுதியின் 28 பைட்டுகளைக் கூட்டினால் 1492, கணக்கு பொருந்துகிறது).

எம்.டி.யூ.வை 1492 ஆகவும், டி.சி.பி. எம்.எஸ்.எஸ். வரம்பை (தலைப்புப் பகுதிகள் நீங்கலாக ஒரு பாக்கெட்டில் செல்லக்கூடிய தரவின் அளவு) 1452 ஆகவும் மாற்றினேன். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்ற தகவல் ஐ.சி.எம்.பி. (பிணையத்தில் பிழைத் தகவல்களைத் தெரிவிக்கும் நெறிமுறை) வழியாகத்தான் வரும் என்பதால், அதை முழுவதும் தடுத்திருந்த ஃபயர்வால் விதியையும் நீக்கினேன். பாதுகாப்பு என்று நினைத்து அதைத் தடுப்பது தவறு என்றே கருதுகிறேன். மூன்று நாள்களாக வங்கித் தளம் உடனே திறக்கிறது.