பொருள்: கம்பைலரின் பேக்எண்டுக்கு ஒரு சொல் – ‘பொறிப்பி’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரஸ்ட் என்ற நிரல்மொழியின் 1.78-ஆம் பதிப்பு பற்றி என் மாணவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் ஓர் இரவில் முடிந்தது. ஒரே ஒரு வரிதான் நான்கு நாளாக நகரவில்லை. நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், தன் அடியில் பேக்எண்டாக வைத்திருக்கும் எல்எல்விஎம் என்ற மென்பொருளை 17-ஆம் பதிப்பிலிருந்து 18-க்கு மாற்றிவிட்டார்கள் என்பதுதான் அந்த வரி. பேக்எண்டைப் பின்முனை என்று வைத்து ‘பின்முனை மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதி, வகுப்பில் பலகையிலும் போட்டேன். இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “சார், சர்வரை மாத்திட்டாங்களா?” என்று கேட்டாள். அவள் மீது ஒரு பிழையும் இல்லை. வலைத்தளம் கட்டும் வேலையில் பின்முனை என்றால் சர்வரும் டேட்டாபேஸும்தான். அந்தச் சொல் அங்கே வேர்விட்டுவிட்டது. அதே சொல்லைக் கம்பைலருக்கும் கொடுத்தால் படிப்பவர் முதலில் தவறான இடத்துக்குப் போய், அப்புறம்தான் திரும்பி வருவார்.

பேக்எண்டுக்கு ஒரு சொல், அது வெளியார் எழுதியது என்பதற்கு ஒரு சொல், பதிப்பு மாறுவதற்கு ஒரு சொல் என்று சென்ற வாரம் இந்தக் குழுவில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். அவற்றுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

முதலில் பொருள் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரஸ்ட் கம்பைலர் நாம் எழுதிய நிரலைப் படிக்கிறது, இலக்கணம் பார்க்கிறது, வகைகளைச் சரிபார்க்கிறது, எந்த மதிப்பு யாருக்குச் சொந்தம் என்று கணக்குப் பார்க்கிறது. இதெல்லாம் ரஸ்ட் குழுவே எழுதியது. அதன்பின் நிரலை ஓர் இடைமொழியில் எழுதி எல்எல்விஎம் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த இடைமொழியை இன்டெல் சிபியுவுக்கோ ஆர்ம் சிபியுவுக்கோ புரியும் பொறிமொழியாக்குவது எல்எல்விஎம். அது 2000-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தனித் திட்டம். சி மொழிக்கான கிளாங், ஸ்விஃப்ட், ஜூலியா எல்லாம் அதே அடித்தளத்தில்தான் நிற்கின்றன. நமக்குச் சொல் வேண்டியது இந்தக் கடைசிக் கட்டத்துக்கு.

‘குறிமுறை உருவாக்கி’ என்று ஒரு நண்பர் தந்திருந்தார். கோட் ஜெனரேட்டர் என்பதை அப்படியே தமிழில் வைத்தது. ஆனால் குறிமுறையை உருவாக்குகிறது என்றால், நமக்குப் பதிலாக நிரல் எழுதித் தரும் கருவி என்றுதான் இன்று எவரும் நினைப்பார். இங்கே நிரல் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதற்கு வேறு உடல் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘வார்ப்பி’ எனக்கு மிகவும் பிடித்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவது போல, ஒரே இடைமொழியை ஒவ்வொரு சிபியுவின் அச்சிலும் ஊற்றுகிறது என்ற படம் அழகு. ஆனால் விக்கிப்பீடியாவில் ‘வார்ப்புரு’ டெம்ப்ளேட்டுக்கு நிலைத்துவிட்டது. எல்எல்விஎம் எழுதப்பட்டிருப்பதோ சி++ மொழியில், அதில் பக்கத்துக்குப் பக்கம் டெம்ப்ளேட். இரண்டும் ஒரே பத்தியில் மோதும். மனமில்லாமல்தான் விட்டேன்.

என் பரிந்துரை: பொறிப்பி.

பொறி என்றால் இயந்திரம். பொறித்தல் என்றால் கல்லிலோ செப்பேட்டிலோ எழுத்தை வெட்டிப் பதித்தல். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் இருப்பதை எழுத்துப் பொறிப்பு என்றுதானே சொல்கிறோம்? இடைமொழியில் இருப்பதைப் பொறிக்குப் புரியும்படி பொறிப்பது பொறிப்பி. இரண்டு பொருளும் ஒரே வேரில் கிடைப்பது தமிழ் நமக்குத் தந்த வசதி, அதை விடக்கூடாது என்று நினைக்கிறேன். வரிசையிலும் பொருந்துகிறது. கம்பைலருக்கு நிரல்பெயர்ப்பி, கடைசியில் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் லிங்கருக்கு இணைப்பி என்று ஏற்கெனவே புழங்குகிறது. நடுவில் பொறிப்பி வந்து உட்கார்ந்தால் பெயர்ப்பி, பொறிப்பி, இணைப்பி என்று வேலை நடக்கும் வழியே சொல்வரிசையாகிவிடும்.

பன்மையும் எளிது. ரஸ்டுக்கு எல்எல்விஎம் மட்டுமல்ல, கிரேன்லிஃப்ட் என்று ஒன்று உண்டு. வேகமாகக் கம்பைல் ஆக வேண்டும் என்பதற்காக அதைச் சோதனை நிலையில் இணைத்திருக்கிறார்கள். சி மொழிக்கான இன்னொரு கம்பைலரான ஜிசிசியை வைத்து ஒன்றும் வளர்கிறது. ‘ரஸ்டுக்கு மூன்று பொறிப்பிகள்’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் தடுக்கவில்லை. ‘மூன்று பின்முனைகள்’ என்றால் ஒரு பொருளுக்கு எப்படி மூன்று பின்பக்கம் என்று மனம் கேட்கிறது.

எதிர்ப்புகள் வரும், வர வேண்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ர, ற இரண்டும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. ‘பொரிப்பி’ என்று காதில் விழுந்தால் அடுப்படி நினைவுக்கு வரும் என்று ஓர் அக்கா சொன்னார். உண்மைதான். ஆனால் பொறியாளர் என்பதை இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம், அதைக் கேட்டு எவருக்கும் மீன் பொரிப்பது நினைவுக்கு வருவதில்லை. பழகினால் இதுவும் அப்படியே ஆகும்.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. எல்எல்விஎம் செய்வதில் பெரும்பகுதி உகப்பாக்கம், அதாவது நிரலை வேகமாக ஓடும்படி செதுக்குவது. தேவையற்ற கணக்கை நீக்குவது, லூப்பைப் பிரிப்பது, சிறிய ஃபங்ஷனை அழைத்த இடத்திலேயே விரிப்பது. பொறிப்பது கடைசி வேலைதானே, அதை வைத்துப் பெயரிடலாமா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். தையற்காரர் அளவெடுக்கிறார், துணி வெட்டுகிறார், காஜா எடுக்கிறார், இஸ்திரி போடுகிறார். பெயர் தையலில்தான் நிற்கிறது. எந்த வேலை முடிந்தால் பொருள் கைக்கு வருமோ அந்த வேலையால் பெயரிடுவது நம் வழக்கம்.

அடுத்தது, எல்எல்விஎம் ரஸ்ட் குழு எழுதியதல்ல என்பதைச் சொல்லும் சொல். குழுவில் வந்தது ‘மூன்றாம் தரப்பு’. வண்டி இன்சூரன்ஸில் நன்றாகப் புழங்கும் சொல். ஆனால் தரப்பு என்றாலே வழக்கும் வாதமும் நினைவுக்கு வருகின்றன. ‘இரவல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். இரவல் நகையைத் திருப்பித் தர வேண்டும், எல்எல்விஎம்மை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. நான் ‘அயல்’ என்கிறேன். அயல் என்றால் நம்முடையது அல்ல என்பதும் உண்டு, பக்கத்தில் இருப்பது என்பதும் உண்டு. அயல்நாடு முதல் பொருளில், அயல்வீடு இரண்டாம் பொருளில். இலங்கை நண்பர்களுக்கு அயலவர் என்றால் அன்றாடச் சொல். ரஸ்டுக்கும் எல்எல்விஎம்முக்கும் இருக்கும் உறவு இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

ஒரு நிகழ்வு சொல்கிறேன். ரஸ்டில், ஒரு மதிப்பை மாற்றும் உரிமையுள்ள சுட்டு (ரெஃபரன்ஸ்) ஒன்று உயிரோடு இருக்கும்வரை அதே நினைவகத்தை வேறு எதுவும் தொட முடியாது. இந்த உறுதியை எல்எல்விஎம்மிடம் சொன்னால் அது இன்னும் வேகமான பொறிமொழி தரும். சி மொழியிலும் இதைச் சொல்ல ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் எழுதுபவர்கள் குறைவு. அதனால் எல்எல்விஎம்மின் அந்த மூலையில் இருந்த பிழைகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. ரஸ்ட் எல்லா இடத்திலும் அந்த உறுதியைச் சொல்லத் தொடங்கியதும் அவை வெளியே வந்தன. சரியான நிரலுக்குத் தவறான விடை. ரஸ்ட் குழு அதை நிறுத்தியது, பிறகு போட்டது, மறுபடி நிறுத்தியது. எல்எல்விஎம் பக்கத்தில் பிழைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு, 12-ஆம் பதிப்பு வந்தபின் 2021-இல் ரஸ்ட் 1.54-இல்தான் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்தான் அதன் சுவரில் விரிசல் இருப்பதைப் பார்த்துச் சொல்கிறார். மூன்றாம் தரப்பு என்ற சொல்லில் இந்த நெருக்கம் இல்லை.

கடைசியாக, பதிப்பு மாறுவதைச் சொல்லும் வினைச்சொல். இதில்தான் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். ‘மேம்படுத்தல்’ வேண்டாம். காரணம் இதே 18-ஆம் பதிப்பில் இருக்கிறது. எக்ஸ்86-64 சிபியுவில் 128 பிட் முழு எண்ணை 16-ஆல் வகுபடும் முகவரியில் வைக்க வேண்டும் என்பது சி மொழிக்காரர்கள் பின்பற்றும் உடன்பாடு. எல்எல்விஎம் பல ஆண்டுகளாக 8 என்றே வைத்திருந்தது, ரஸ்டும் அப்படியே. பல மதிப்புகளைச் சி மொழியின் வரிசைப்படி அடுக்கிய ஒரு ஸ்ட்ரக்டில் முதலில் 8 பைட் எண், அடுத்து 128 பிட் எண் என்று வையுங்கள். அன்றைய ரஸ்டில் இரண்டாவது எண் 8-ஆம் பைட்டில் தொடங்கும், மொத்தம் 24 பைட். ஜிசிசியில் அது 16-ஆம் பைட்டில் தொடங்கும், மொத்தம் 32. இங்கிருந்து அனுப்பிய எண்ணை அங்கே வேறு இடத்தில் தேடுவார்கள். விடை குப்பையாக வரும். எல்எல்விஎம் 18 இதைச் சரிசெய்தது. ரஸ்ட் 1.77-இலேயே எண்ணின் இடம் மாறியது, ஃபங்ஷனுக்கு அதை அனுப்பும் முறை 1.78-இல் எல்எல்விஎம் 18-உடன் சேர்ந்து சரியானது. இப்போது அந்த ஸ்ட்ரக்ட் 8 பைட் கூடுதலாக இடம் பிடிக்கிறது. சரியானது, ஆனால் பெரியது. 24 பைட் என்று நம்பி எழுதிய நிரல் இருந்தால் அதைத் திருத்த வேண்டும். இதை மேம்பாடு என்று மட்டும் சொன்னால் படிப்பவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

‘இற்றைப்படுத்தல்’ நல்ல சொல், சங்கப் பாட்டிலேயே இருக்கும் இற்றை அது. ஆனால் போனில் ஒரு செயலியைத் தட்டிப் புதுப்பிப்பதற்கு அது போய்விட்டது. இங்கே நடப்பது வேறு. எல்எல்விஎம் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் தருகிறது, அதன் சி++ இடைமுகம் ஒவ்வொரு முறையும் மாறலாம். ரஸ்டின் இணைப்பு நிரலில் ‘18-க்கு மேல் என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி’ என்று கிளை பிரித்து எழுதுகிறார்கள், சோதனைகளை ஓட்டுகிறார்கள், வேகம் குறைந்ததா என்று அளக்கிறார்கள். லினக்ஸ் வெளியீடுகள் சில தங்களிடம் இருக்கும் எல்எல்விஎம்மையே ரஸ்டுக்குக் கொடுப்பதால் பழைய பதிப்புகளையும் சிறிது காலம் தாங்க வேண்டும். குழுவில் ஏற்கெனவே வந்த ‘பதிப்பேற்றம்’ இதற்குப் போதும். நல்லதா கெட்டதா என்று அது சொல்வதில்லை, எண் ஏறியது என்று மட்டும் சொல்கிறது. ‘18-க்கு ஏற்றினோம்’, ‘ஏற்றியதை இறக்கிவிட்டோம்’ என்று வினையாகவும் இயல்பாக வருகிறது. இறக்குவதும் நடக்கும் வேலைதான்.

ஆக, என் குறிப்பில் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘ரஸ்ட் 1.78-இல் அயல் பொறிப்பியான எல்எல்விஎம் 18-ஆம் பதிப்புக்கு ஏற்றப்பட்டது.’

வரும் சனிக்கிழமை வகுப்பில் இதைப் பலகையில் எழுதப்போகிறேன். அதற்குமுன் இரண்டு கேள்விகள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் பொறிப்பி என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்து, உங்கள் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள். எல்எல்விஎம்முக்குள்ளேயே ஒவ்வொரு சிபியுவுக்கும் இருக்கும் பகுதியையும் ஆங்கிலத்தில் பேக்எண்ட் என்றே அழைக்கிறார்கள். அதற்கு நான் ‘இலக்குப் பகுதி’ என்று வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.