அரிவு வெட்டு முடியட்டும் என்கிறார் அப்பா: இதய வால்வு ஒப்பரேஷனைத் தள்ளிப் போடலாமா?

கிளிநொச்சியான்:
அப்பாவுக்கு 61 வயது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வில் கடும் கசிவு. வால்வு இதழைப் பிடித்திருக்கும் நூல் ஒன்று அறுந்துவிட்டதாம். எக்கோவில் (இதய ஸ்கேன்) ஈ.எஃப். 58, அதாவது கீழறையில் நிறைகிற இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு 58 வீதம் வெளியே போகிறதாம். இதயம் சுருங்கி முடிகிற நேரத்தில் இடது கீழறை 41 மி.மீ. சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார் டொக்டர். அப்பாவோ "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, காலபோக நெல் வெட்டி முடியட்டும்" என்கிறார். இப்போதுதான் விதைத்திருக்கிறோம். என்ன செய்யலாம்?

வவுனிக்குளம்:
தம்பி, அவசரப்பட்டு நெஞ்சைப் பிளக்க விடாதீர்கள். என் அம்மாவுக்கும் கசிவுதான். 9 வருடமாக எக்கோ எடுத்துக்கொண்டு நன்றாகத்தான் நடமாடுகிறார். இயந்திர வால்வு வைத்தால் ஆயுளுக்கும் வோர்பரின், இரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து. ஐ.என்.ஆர். என்ற இரத்தம் உறையும் சோதனைக்கு பஸ் ஏறிக்கொண்டே இருக்கவேண்டும். மண்வெட்டி காலில் பட்டால் இரத்தம் லேசில் நிற்காது. வயல்காரனுக்கு இது தேவையா?

முள்ளியவளை அக்கா:
அண்ணை, அம்மாவின் கசிவு நடுத்தரமா, கடுமையா? அதைச் சொல்லாமல் ஒப்பிடக்கூடாது. நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள்.

58 என்பது மற்றவர்களுக்கு நல்ல எண். வால்வு கசிகிறவருக்கு அப்படி இல்லை. இதயம் பிழிகிற இரத்தத்தில் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல் மேலறைக்கே திரும்புகிறது. எக்கோ அதையும் வெளியே போனதாகவே கணக்கில் சேர்க்கும். வாய்க்காலில் பாதித் தண்ணீர் உடைப்பால் போக, குளத்துத் துருசில் (மதகில்) அளந்துவிட்டு வயலுக்குப் பாய்ந்தது என்று எழுதினால் எப்படி? அதனால்தான் ஈ.எஃப். 60க்கோ அதற்குக் கீழோ வந்தாலும், சுருங்கி முடிகிற நேரத்தில் இடது கீழறை 40 மி.மீ.க்கோ அதற்கு மேலோ விரிந்திருந்தாலும், மூச்சு இளைப்பு இல்லாவிட்டாலும் சத்திரசிகிச்சை என்கிறார்கள். இவருக்கு இரண்டுமே வந்துவிட்டது. தசை நன்றாகத் தளர்ந்த பிறகு வால்வைச் சரிசெய்தாலும் பழைய பலம் முழுக்கத் திரும்பாது.

வவுனிக்குளம்:
அம்மாவினது நடுத்தரம்தான், சரி. ஆனாலும் எண்ணைப் பார்த்தா மனிதனை வெட்டுவது? அவர் சைக்கிளில் வயலுக்குப் போய்வருகிறார் அல்லவா?

கிளிநொச்சியான்:
போகிறார். ஆனால் போன வருடம் உரமூட்டையைத் தோளில் தூக்கியவர், இப்போது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றச் சொல்கிறார். வரம்பில் இரண்டு இடத்தில் நிற்கிறார். பயிரைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

முள்ளியவளை அக்கா:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும், தம்பி! இளைப்பு வராதபடி வேலையைக் குறைத்துக்கொண்டு "ஒன்றுமில்லை" என்பார்கள். இதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

மல்லாவிப் பொடியன்:
நான் இதே ஒப்பரேஷன் செய்தவன். எனக்கு வால்வை மாற்றவில்லை, திருத்தினார்கள். வோர்பரின் 3 மாதம்தான். வவுனிக்குளம் அண்ணை பயப்படுகிற ஆயுள் வோர்பரின் இயந்திர வால்வுக்குத்தான். மாட்டுத் திசு வால்வு என்றால் வோர்பரின் ஆயுளுக்கும் வேண்டியதில்லை, ஆனால் 10, 15 வருடத்தில் தேய்ந்துவிடலாம். நூல் அறுந்த கசிவைப் பெரும்பாலும் திருத்தலாம். சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து தடித்துப்போன வால்வைத் திருத்துவதுதான் கஷ்டம். எனவே "திருத்துவீர்களா, மாற்றுவீர்களா, இப்படி எத்தனை பேருக்குத் திருத்தியிருக்கிறீர்கள்?" என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரே கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று நான் பயந்தேன். கோபிக்கவில்லை.

இன்னொன்று. பெயர் கொடுத்தவுடன் மேசையில் ஏற்றமாட்டார்கள். எனக்குத் திகதி வர 5 மாதம் ஆனது. பெயரைக் கொடுத்துவிட்டு வயலைப் பாருங்கள்.

முள்ளியவளை அக்கா:
அப்படி நம்பி இருக்கவும் வேண்டாம். திகதி முந்தி வந்தால் போகவேண்டும். நடுவில் இளைப்பு கூடினால், நெஞ்சு படபடத்தால், படுக்க முடியாமல் எழும்பி உட்கார்ந்தால் திகதியைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வவுனிக்குளம்:
தையில் திகதி வந்தால் வயலை யார் வெட்டுவது?

மல்லாவிப் பொடியன்:
அண்ணை, வெட்டுவது மெசின். அவர் வரம்பில் நின்று சத்தம் போடுவார், அவ்வளவுதானே! மகன் போடட்டும்.

வவுனிக்குளம்:
சரி, பெயர் கொடுக்கலாம். ஆனால் திருத்த முடியாது, இயந்திர வால்வுதான் என்று சொன்னால் வேறொரு டொக்டரிடமும் கேட்கச் சொல்வேன். அதில் நான் மாறமாட்டேன்.

முள்ளியவளை அக்கா:
அதில் எனக்கும் மறுப்பில்லை. பல்லையும் இப்போதே காட்டுங்கள். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் போய் வால்வில் ஒட்டிக்கொள்ளலாம்.

கிளிநொச்சியான்:
இரவு பேசினோம். பெயர் கொடுக்கச் சம்மதம். பல் என்றதும்தான் கோபம் வந்தது. "நெஞ்சுக்கு மருந்து கேட்டால் வாயைத் திற என்கிறார்கள்" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.