பழைய பிக்கப்பின் பார்க்கிங் பிரேக்கைக் கால் பெடலிலிருந்து கை லிவருக்கு மாற்றலாமா?

கேள்வி

என்னிடம் 1969ஆம் ஆண்டு செவ்ரோலெட் சி10 பிக்கப் ஒன்று இருக்கிறது. அதன் பார்க்கிங் பிரேக், டாஷ்போர்டுக்குக் கீழே இடது ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய பெடல். மிதித்தால் பிடித்துக்கொள்ளும், மேலே இருக்கும் கைப்பிடியை இழுத்தால் விட்டுவிடும். சென்ற மாதம் லேசான சரிவொன்றில் அதை மிதித்து நிறுத்திவிட்டு, இறங்கிக் கதவைச் சாத்தினேன். சாத்திய அதிர்வுக்கே உள்ளே 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது, வண்டி நகரத் தொடங்கியது. ஓடி ஏறி பிரேக்கை மிதித்துவிட்டதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து, கட்டை வைக்காமல் அந்த வண்டியை விட்டு அகல எனக்கு மனம் வருவதில்லை.

பெடலைக் கழற்றிப் பார்த்தபோது, மிதித்த பெடலைப் பிடித்து நிறுத்தும் பல் அமைப்பான ராட்செட்டின் பற்கள் நாள்பட்ட கல்படியின் விளிம்பைப் போல மழுங்கி உருண்டிருந்தன. அவற்றைக் கவ்வ வேண்டிய கொக்கியின் ஸ்பிரிங்கிலும் விசை இல்லை. எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்றால், கியர் லிவருக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கை லிவராகவே வைத்துவிடலாமே என்று நினைக்கிறேன். முன்பு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் இப்போது நான்கு கியர் மேனுவல் இருப்பதால், ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதெல்லாம் தடுமாறுகிறேன். கேபின் தரைத் தகடு அந்த இழுவையைத் தாங்குமா? பழைய கேபிள்களையே பயன்படுத்தலாமா? பிரேக் குழாயில் ஒரு லைன் லாக் வால்வு போட்டுவிட்டால் லிவரே தேவையில்லை என்றும் ஒருவர் சொன்னார். அது சரிதானா?

முதல் பதில்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: லைன் லாக் பார்க்கிங் பிரேக் ஆகாது. அது மிதித்த அழுத்தத்தைக் குழாய்க்குள் அடைத்து வைப்பதோடு சரி. ஒரு ரப்பர் சீல் சிறிது கசிந்தாலும், எண்ணெய் குளிர்ந்து சுருங்கினாலும் அழுத்தம் இறங்கிவிடும், நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் வண்டி உருளும். எண்ணெயை நம்பாமல் இரும்பால் இழுத்துப் பிடிப்பதற்காகத்தான் பார்க்கிங் பிரேக் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, பெடலை மாற்றுவதற்கு முன் பின்சக்கர டிரம்களைத் திறந்து பாருங்கள். உங்கள் வண்டியில் கேபிள் இழுக்கும்போது, பின்புற ஷூவோடு (டிரம்மின் உட்சுவரில் அழுத்தும் வளைந்த பட்டை) சேர்ந்த ஒரு நெம்புகோல் திரும்பி, நடுவில் உள்ள தகட்டுத் தண்டின் வழியே முன்புற ஷூவையும் தள்ளி, இரண்டையும் டிரம்மில் அழுத்துகிறது. ஆக்சில் சீல் கசிந்து, ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் எந்த லிவர் வைத்தாலும் பிடிக்காது. லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால், முதலில் நட்சத்திரப் பல் திருகைத் திருப்பி ஷூக்களை நெருக்கி, அதன் பிறகே கேபிளின் நட்டைத் தொட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, தேய்மானத்தைக் கேபிளை முறுக்கியே ஈடுகட்டுகிறார்கள். அப்போது டிரம்முக்குள் உள்ள நெம்புகோல் தன் ஓய்வு நிலைக்குத் திரும்புவதில்லை. ஷூக்களும் மேலே உள்ள நிலை ஊசியில் போய் உட்காராமல், தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பும் கெட்டுப்போகிறது.

என் கருத்தைக் கேட்டால், அதே இடத்தில் அதே வகைப் பெடலைப் புதிதாகப் பொருத்துவதுதான் சரி. அந்த இடத்துக்கென்றே கணக்கிட்ட நெம்பு விகிதமும், கேபிள் போகும் நேர்வழியும் அதில் இருக்கின்றன.

இரண்டாம் பதில்

டிரம்மைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன், பெடலைப் பற்றிய முடிவை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. கிளட்ச் உள்ள வண்டியில் இடது காலுக்கு இரண்டு வேலை கொடுக்கிறது அந்தப் பெடல். கைப்பிடியை இழுத்து விடுவித்துக் கிளம்பலாம் என்றாலும், ராட்செட் ஒரே அடியில் விட்டுவிடுவதால், கிளட்ச் பிடிக்கும் அந்த நொடியை மிகச் சரியாகக் கணிக்க வேண்டியிருக்கிறது. கை லிவரில் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் வண்டியை இழுக்கத் தொடங்குவதை உணர்ந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். மாற்றுவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆனால் அளக்காமல் லிவர் வாங்காதீர்கள். பெடலை மறுபடி தற்காலிகமாகப் பொருத்தி, உறையை விட்டுக் கேபிள் வெளிவரும் இடத்தில் அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, பின்சக்கரங்கள் கையால் திருப்ப முடியாதபடி இறுகும்வரை மிதித்து, டேப் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். லிவரின் பிடி அச்சிலிருந்து 300 மில்லிமீட்டரிலும், கேபிள் கொக்கி 45 மில்லிமீட்டரிலும் இருந்தால் விசை ஏறக்குறைய ஆறே முக்கால் மடங்காகும். பிடியை 180 மில்லிமீட்டர் தூக்கினால் கேபிள் 27 மில்லிமீட்டர் நகரும். விசையைக் கூட்டினால் நகர்வு குறையும், நகர்வைக் கூட்டினால் விசை குறையும். காலின் பலம் கைக்குக் கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கார்களுக்கான ஐ.நா. 13-எச் விதியே, காலால் இயக்கும் பார்க்கிங் பிரேக்குக்கு 500 நியூட்டன், கையால் இயக்குவதற்கு 400 நியூட்டன் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அதே விதி, முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில் வண்டி நிற்க வேண்டும் என்கிறது. அதை அளவுகோலாகக் கொண்டால், சுமையோடு 1900 கிலோ எடையுள்ள வண்டியை அச்சரிவு கீழே இழுக்கும் விசை சுமார் 370 கிலோ.

பொருத்தும் இடத்தில், தரைத் தகடு மட்டும் நிச்சயம் போதாது. லிவரை ஓங்கி இழுக்கும்போது தகடு அப்பளம் போல் மேலெழும்பி, நாளடைவில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விடும். அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமுள்ள, லிவரின் அடிப்பாகத்தைவிட நன்கு அகலமான தகட்டைக் கொடுத்து நான்கு போல்ட்டுகளால் இறுக்குங்கள். துளையிடும் முன் இருக்கையைப் பொருத்தி, எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். பின்னோக்கி இழுக்கும் கியர்களில், கியர் குமிழைப் பிடித்த விரல் முட்டிகள் உயர்த்திய பிரேக் லிவரில் இடிக்கக் கூடாது.

கேபிள் போகும் வழிதான் பலரைக் கவிழ்க்கும் இடம். கேபின் ரப்பர் திண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அது சேஸிஸின் மேல் எப்போதும் சற்று அசைந்துகொண்டே இருக்கும். லிவரிலிருந்து உறையில்லாத கம்பியை நேராக ஈக்வலைசருக்கு (இழுவையை இரு பின்கேபிள்களுக்கும் சமமாகப் பிரிக்கும் துண்டு) இழுத்தால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிரேக் இறுகித் தளரும். உறையுள்ள கேபிளைப் போட்டு, உறையின் ஒரு முனையை லிவரின் அடித்தகட்டிலும் மறுமுனையை சேஸிஸிலும் அசையாமல் பிடித்துக் கட்டினால் இந்தத் தொல்லை இராது. சைலன்சர் குழாயை விட்டு விலகியும், கூர்மையாக மடங்காமலும் போக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. டிரம்களைத் திறந்தேன். இடதுபுறம் சுத்தமாக இருந்தது. வலதுபுறம் கீழ் ஓரத்தில் லைனிங் கருத்துப் பளபளத்தது, விரலால் தொட்டால் கியர் எண்ணெய் வாடை வீசியது. ஆக்சில் சீலை மாற்றி, இரு பக்கமும் புதிய ஷூக்கள் போட்டுவிட்டேன். வலது பின்கேபிளின் உறை ஓரிடத்தில் வெடித்து, உள்ளே துருவேறி, கையால் இழுத்தால் மட்டுமே நகர்ந்தது, தானாகத் திரும்பவில்லை. ஆகவே பழைய கேபிள்களைப் பயன்படுத்தும் எண்ணத்தை விட்டுவிட்டேன். டேப் நகர்ந்த அளவு 24 மில்லிமீட்டர். லிவரின் அடித்தகட்டைத் தரையோடு வெல்டிங் வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மூன்றாம் பதில்

வெல்டிங்கைத் தொடும் முன் நில்லுங்கள். உங்கள் 1969 வண்டியில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றி வண்டியை விட்டுத் தொலைவில் வைக்காமல் அந்தத் தரையில் ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது. காலியான டேங்க்கில் நிற்கும் ஆவி, நிரம்பிய டேங்க்கைவிட ஆபத்தானது. போல்ட்டே போதுமான இடத்தில் வெல்டிங் எதற்கு? பின்னாளில் கழற்றவும் அதுதான் வசதி.

இன்னொன்று, பின்கேபிள்களின் நீளத்தை ஆக்சில் ஜாக்கில் தொங்கும்போது மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சக்கரங்கள் தரையில் நிற்கும்போதும் ஒருமுறை, சேஸிஸைத் தூக்கி ஆக்சிலை முழுவதும் தொங்கவிட்டும் ஒருமுறை பாருங்கள். தொங்கும்போது கேபிள் இறுகி ஷூ உரசினால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் தானாகப் பிடிக்கும்.

சோதனையையும் இரு திசைகளிலும் செய்யுங்கள். முகம் மேல்நோக்கி நின்றால் எடை பின்சக்கரங்களுக்கு வந்து உதவும். முகம் கீழ்நோக்கி, பின்தட்டு காலியாக நின்றால், பின்சக்கரங்கள் பூட்டியிருந்தும் டயரே வழுக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்

நான்கு போல்ட், அடியில் 4 மில்லிமீட்டர் தகடு, மூன்று புதிய கேபிள்கள் என்று வேலை முடிந்தது. டேங்க்கைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. இரண்டாம் கியரில் என் விரல் முட்டி இடித்ததால், லிவரை வலப்பக்கம் 30 மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். கட்டைகளைச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுச் சரிவில் இரு திசைகளிலும் ஐந்தைந்து நிமிடம் நிறுத்தினேன். கியர் நியூட்ரலில்தான் இருந்தது. இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தியும் பார்த்தேன், வண்டி அசையவில்லை. புதிய கேபிள்கள் சற்று நீளும் என்பதால், இரண்டு வாரம் ஓட்டியபின் நட்டை மறுபடி பார்க்கவிருக்கிறேன்.